சனிக்கிழமை மாலையில் தொடங்கும் ஓய்வு: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு கிறித்தவ வழிகாட்டி

வேதாகமத்தின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும் எண்ணும்போது சாயங்காலத்தை முன்னும் விடியற்காலத்தைப் பின்னும் வைத்தே எண்ணுகிறது. நாம் விடியலில் நாளைத் தொடங்கி, வேலையெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் பொழுதுக்கு ஓய்வு என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கேயோ நாள் இருட்டில், அதாவது உறங்கும் நேரத்தில், தொடங்குகிறது. ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதனுக்கு வாய்த்த முதல் முழு நாளே ஓய்வுநாள்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வு உழைத்து முடித்தவனுக்குத் தரும் கூலியாக இல்லாமல், உழைப்பதற்கு முன்பே கையில் கொடுக்கப்பட்ட முன்பணமாக இருப்பது தெரியும். வட்டியும் முதலும் பார்த்துப் பழகிய எங்கள் செட்டிநாட்டில் முன்பணத்தின் அருமையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதை நான் தாமதமாகவே கற்றேன். படுக்கையில் இருந்த என் தாயாரைக் காரைக்குடியில் எங்கள் வீட்டில் வைத்து மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்ட காலத்தில், இரவில் நான்கு மணி நேரம் உறங்கினாலே அதிகம். ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆராதனை, மாலை ஜெபக்கூட்டம் என்று ஓடினேன். களைப்பைச் சொன்னபோது, விசுவாசக் குறைவு என்று ஒருவர் தீர்ப்பளித்தார். ஒரு விடியற்காலையில் இரத்த அழுத்த மாத்திரையை அம்மாவுக்கு இரண்டு முறை கொடுத்துவிட்டேன். நல்லவேளையாகத் தீங்கு எதுவும் நேரவில்லை. அன்று பக்கத்து வீட்டு ஆச்சி வந்து, "ஏம்ப்பா, நீ ஒரு ராத்திரி தூங்குனா ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாக, நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படு" என்றார். நாள் தவறாமல் திருநீறு பூசும் அந்த ஆச்சிதான் எனக்கு வேதாகமத்துத் தீர்க்கதரிசியான எலியாவின் கதையை முதன்முறையாகப் புரியவைத்தவர்.

முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா, யேசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டுகிறார். அதற்குக் கடவுள் தரும் மறுமொழியின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் அவரை உறங்க விடுகிறார், பிறகு தூதன் வந்து தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான், உண்டபின் மறுபடியும் உறங்க விடுகிறார், மறுபடியும் உணவு. நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்த பிறகே, "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி வருகிறது. சாக விரும்பிய மனிதரைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை, அவருக்குப் போதனையும் செய்யவில்லை. சரீரம், ஆத்துமா, ஆவி மூன்றையும் அப்போஸ்தலர் பவுல் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது 1 தெசலோனிக்கேயர் 5:23-இல். அந்த மூன்றில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பட்டினியும் உறக்கமின்மையும் உள்ள இடத்தில் சரீரத்திலிருந்து என்பதே இந்த அதிகாரத்தின் விடை. கீழே சொல்லப்படும் முறையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் உறக்கம்

ஓய்வுநாளைச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கான ஆயத்தத்தை வெள்ளிக்கிழமையே ஆரம்பிக்க வேண்டும்: மாவு ஆட்டுவது, துணி தேய்ப்பது, காணிக்கையை எடுத்து வைப்பது, செலுத்த வேண்டிய கட்டணங்களைச் செலுத்துவது ஆகியவை சனிக்கிழமை நண்பகலுக்குள் முடியட்டும். வனாந்தரத்தில் கடவுள் தந்த மன்னா என்னும் உணவைச் சேர்த்த இஸ்ரவேலர் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள் என்று யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஓய்வு தானாக வராது, அதற்கு முந்தைய நாளில் இடம் ஒதுக்க வேண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். விளக்கு வைத்தபின் குடும்பமாக ஒரு சங்கீதம் வாசித்து, ஐந்து நிமிடம் ஜெபித்து, கைபேசிகளை எல்லாம் படுக்கையறைக்கு வெளியே ஓர் இடத்தில் வைத்துவிட்டு, ஒன்பதரை மணிக்குள் படுத்துவிடுங்கள். வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட அளவு. 127-ஆம் சங்கீதம், அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது வீண் என்று சொல்லிவிட்டு, நித்திரையைக் கடவுள் தமக்குப் பிரியமானவனுக்குத் தரும் ஈவாகச் சொல்கிறது. புயலின் நடுவே படகின் பின்னணியத்தில் தலையணை வைத்து உறங்கிய இயேசுவை நினைத்துக்கொண்டு படுத்தால் குற்றவுணர்வு குறையும்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கத்து வெக்கையில் இது எளிதாக நடப்பதில்லை. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை இரவில்தான் சூட்டைக் கக்குகிறது. மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்து, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்து, கட்டிலைத் தவிர்த்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தால் ஓரளவு தாங்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் நீங்கள் பாக்கியவான். பகல் உறக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினால் இரவு உறக்கம் கெடும். பழைய வீடுகளில் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி எல்லோரும் ஒன்றாகப் படுப்பது வழக்கமாதலால், ஒருவருடைய தொலைக்காட்சி எல்லோருடைய உறக்கத்தையும் கெடுக்கும். இதற்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லி முறை செய்தால்தான் நடக்கும்.

அடுக்களையிலும் ஓய்வு

ஓய்வுநாளைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் தொடாத இடம் அடுக்களை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. அதுவும் எங்கள் பக்கத்தில், மிளகும் சோம்பும் கல்பாசியும் வறுத்து அரைத்துத்தான் குழம்பு. ஆராதனை முடிந்து ஆண்கள் திண்ணையில் சாய்ந்திருக்கும் நேரத்தில், அதே ஆராதனையில் அதே பாட்டைப் பாடிய பெண்கள் வாரத்திலேயே அதிகமாக வேலை செய்கிறார்கள். உபாகமம் 5-ஆம் அதிகாரம் இதை நேராகப் பேசுகிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், ஏனெனில் எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்று காரணத்தோடு சொல்கிறது. பிறர் உழைக்கும்போது நாம் மட்டும் படுத்திருப்பதை இந்தக் கட்டளை ஓய்வு என்று ஒப்புவதில்லை.

ஆகவே கறிக்குழம்பைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் புளிச்சோறும் துவையலும் போதும். புளிச்சோறு வெயில் காலத்திலும் எளிதில் கெடாது. அல்லது கஞ்சி வைத்து, சுண்டவற்றலோ மோர்மிளகாயோ வறுத்துக்கொள்ளலாம். பரிமாறுவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்களும் பிள்ளைகளும் ஏற்க வேண்டும். வீட்டில் வேலை செய்யும் பெண் இருந்தால், அவருக்கு வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும், குறிப்பாகக் கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஏற்காத தாத்தாக்களிடமிருந்து; ஆனால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம்.

அழைப்பிதழ்களைப் பற்றியும் ஒரு சொல். இங்கே கிறித்தவக் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு; அண்டை வீட்டார் வைக்கும் விசேஷங்கள் எல்லோருக்கும் வசதியான ஞாயிற்றுக்கிழமையிலேயே விழுகின்றன. போகாமல் இருப்பது முறையாகாது. காலையில் போய் மொய் எழுதி, ஒரு வாய் உண்டு, பதினொரு மணிக்குள் திரும்பினால் இரண்டும் கெடாது. புதுவயல் அரிசி ஆலைகளில் முறைவேலை பார்ப்போர், கடைக்காரர், செவிலியர், ஓட்டுநர் ஆகியோருக்கு ஞாயிறு வாய்க்காவிட்டால் வேறொரு நாளை எடுத்துக்கொள்ளலாம். ரோமர் 14:5 அதற்கு இடம் தருகிறது.

பாரத்தைச் சொல்லுதல்

உடல் ஓரளவு தேறியபின் மனத்தின் பாரத்தைத் தொடலாம். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்தி, மருத்துவர்களிடம் கையிலிருந்ததை எல்லாம் செலவழித்த ஒரு பெண், கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் ஆடையைத் தொட்ட உடனேயே நலம் பெறுகிறாள். அவள் அப்படியே போயிருக்கலாம். இயேசு நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து, நடந்ததை முழுதும் சொல்கிறாள். அதன்பிறகு அவர் அவளை மகளே என்று அழைக்கிறார். உதிரம் நின்றதோடு அவளுடைய உடல்நோய் தீர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தீட்டு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட நோவு தீர்வதற்கோ, அவள் ஊர் நடுவே பேசவும், ஊர் நடுவே மகள் என்று அழைக்கப்படவும் வேண்டியிருந்தது.

இதைச் செய்ய, ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரத்தில் உங்களை வருத்திய ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 13-ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறது. கடவுளிடம் முறையிடக் கூச்சப்படுவோர் அதையே தங்கள் ஜெபமாக வாசிக்கலாம். பிறகு நம்பத்தக்க ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். ஆளைத் தெரிந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: எங்கள் ஊர்களில் ஒரு வீட்டு வளவில் பேசியது மறுநாள் ஊருணிக் கரையில் பேசப்படும்; ஜெபக் குறிப்பு என்ற பெயரிலேயே பல வீட்டுச் செய்திகள் பரவியதை நான் பார்த்திருக்கிறேன். பிறர் சொன்ன துயரத்தை இதுவரை உங்களிடம் கொண்டுவராத ஒருவரே உங்கள் துயரத்தைக் கேட்கத் தகுந்தவர்.

மருந்தும் ஜெபமும்

மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எசேக்கியா ராஜாவுக்குக் குணமளிப்பேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின் மேல் போடச் செய்தார். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். யாக்கோபு 5:14 சொல்கிறபடி மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். அன்று இரவும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து கொடுக்கப்படுகின்றன. நடமாட முடியாத முதியவர்களின் பெயரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள்.

மனச்சோர்வுக்கும் இதே விதிதான். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்துபோனால், ஓய்வும் ஜெபமும் மட்டும் போதும் என்று காத்திருக்கக் கூடாது. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல ஆலோசனைச் சேவையை எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவரை அன்று தனியே விடாதீர்கள்.

காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ முடிந்தவர்கள் மூன்றாம் நாளே கடையைத் திறந்துவிடுவது இங்கே பெருமையாகப் பேசப்படுகிறது. ஆத்தங்குடியில் கல் செய்பவர்கள் அச்சிலிருந்து எடுத்த கல்லை உடனே விற்றுவிடுவதில்லை. ஆறவிட்டு, நாள் கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்த பின்பே அது தரைக்குப் போகும். இறந்துபோன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய உடன் இயேசு சொன்னது, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. மருத்துவர் குறித்த நாள்களை முழுதாக எடுத்துக்கொண்டு, உண்டு, மெல்ல நடந்து, பிறகு கடைக்குச் செல்லலாம்.

பார்த்துக்கொள்பவருக்கு

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் ஓய்வே மிகக் கடினமானது. இயேசு சொன்ன நல்ல சமாரியனின் கதையில் நாம் கவனியாத ஒரு வரி இருக்கிறது: காயப்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்ட அவன், மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரத்தான் கையில் கொடுத்து, இவனை விசாரித்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். அவனை யாரும் அன்பில் குறைந்தவன் என்று சொல்லவில்லை. பாரத்தை மற்றொருவர் கையில், செலவையும் கொடுத்து, ஒப்படைப்பதும் இரக்கத்தின் ஒரு பகுதியே.

உங்களுக்கும் ஒரு சத்திரத்தான் தேவை; உறவினரோ, சபையாரோ, பக்கத்து வீட்டாரோ, கூலிக்கு வருபவரோ யாராகவும் இருக்கலாம். சபையிலுள்ள ஐந்து குடும்பங்கள் வாரம் ஒரு மாலை என்று முறை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரு மாலைதான் வரும். முதல் முறை இரண்டு மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் கடைக்கோ வங்கிக்கோ போகாமல் உறங்குங்கள். விடுமுன், மாத்திரைகளின் பெயர், வேளை, எந்தப் பக்கமாகப் புரட்டிப் படுக்கவைப்பது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், நோயாளிக்குப் பிடித்தவை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். கொடுத்த மாத்திரைக்கு எதிரே நேரத்தைக் குறிக்க ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். ஆச்சி புதன்கிழமை தோறும் வரத் தொடங்கியபோது எங்கள் தாளின் கடைசி வரியாக, மாலை 4 மணிக்கு ஒரு சங்கீதம் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாததால், அதை அடித்துவிட்டு அவருடைய அப்பச்சியின் இரங்கூன் கதை என்று எழுதும்படி அம்மாவே சொன்னார்.