குற்றவியல் பட்டமும் கல்விக் கடனும்: மலையை விட்டு இறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றவியல் படித்தால் எஸ்.ஐ. (காவல் உதவி ஆய்வாளர்) ஆகிவிடலாம் என்று நம் நீலகிரியில் யாராவது சொல்லும்போதே கணக்கு தவறத் தொடங்குகிறது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். அந்தப் பணியின் ஊதிய விகிதம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் ஓர் இளங்கலை முடித்தவருக்கும், வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் 6 லட்சம் செலவழித்துக் குற்றவியல் படித்தவருக்கும் அதே தொகைதான். இரண்டாம் நிலைக் காவலருக்கோ பத்தாம் வகுப்பே கல்வித் தகுதி. ஆகவே காக்கிச் சட்டையின் சம்பளத்தைக் குற்றவியல் பட்டத்தின் வரவாக எழுதாதீர்கள். இந்தப் பட்டம் இல்லாவிட்டால் கைக்கு வராது என்று சொல்லத்தக்க வருமானம் எதுவோ, அதைத்தான் கடனுக்கு எதிரே வைத்து எடை போட வேண்டும்.

கூடவே, எஸ்.ஐ. பணிக்குக் கேட்கும் உயரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஆண்களுக்கு 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167, பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. எந்தப் பட்டமும் இந்த அளவைத் தளர்த்தாது.

இன்னொரு குழப்பம் தடய அறிவியல். ஆய்வகத்தில் ரத்தக்கறையையும் விஷத்தையும் சோதிக்கும் வேலைக்கு வேதியியல், உயிரியல், இயற்பியல் போன்ற அறிவியல் படிப்புதான் அடித்தளம். குற்றவியல் சமூக அறிவியலைச் சேர்ந்தது. குற்றம் ஏன் நிகழ்கிறது, சிறை மனிதரைத் திருத்துகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு நீதி எப்படிக் கிடைக்கிறது என்று ஆராய்வது. நம் சமூகத்துக்கு மிகவும் தேவையான படிப்பு என்றே நான் கருதுகிறேன். அதனால்தான் தவறான எதிர்பார்ப்போடு யாரும் அதற்குள் போய்விடக் கூடாது என்ற கவலை.

படிப்புக்கு நெருக்கமான வேலைகளின் சம்பளத்தைப் பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, சமூகப் பணியாளருக்கு மாதம் 18,536 ரூபாய், பாதுகாப்பு அலுவலருக்கு 27,804 ரூபாய். இரண்டும் ஒப்பந்தப் பணி. அவற்றுக்கும் சமூகப் பணி, சமூகவியல் படித்தவர்கள் போட்டிக்கு வருவார்கள்.

இனி கடன். பலர் செய்யும் பெரிய பிழை, வாங்கும் தொகையையே திருப்பிக் கட்டும் தொகையாக நினைப்பது. ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 6 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் நான்காம் ஆண்டு முடிவில் 1,80,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அதை அசலோடு சேர்த்தால் 7,80,000. பத்தாண்டுத் தவணையாகப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 10,300 ரூபாய். மொத்தம் கட்டுவது 12 லட்சத்துக்கும் மேல். 18,536 ரூபாய் சம்பளத்தில் இதைக் கழித்தால் மிஞ்சும் எட்டாயிரத்துச் சொச்சத்தில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் நடக்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டிவந்தால் (முதலாண்டில் மாதம் சுமார் 1,670, மூன்றாம் ஆண்டு முதல் 5,000) தவணை 7,930 ரூபாய்க்கு இறங்கும். பச்சைத் தேயிலையின் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வீட்டில் அந்த வட்டி முடியுமா என்பதை, நல்ல விலை கிடைத்த மாதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வட்டி மானியம் வந்துவிடும் என்ற நம்பிக்கையிலும் கடன் வாங்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும் மத்திய அரசின் மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உரியது. நீங்கள் சேரும் பட்டம் அதில் அடங்குமா என்று வங்கியில் முதலிலேயே கேளுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பது வங்கிகளின் வழக்கம். ஜன்ம நிலம் எனப்படும் பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிலங்களில் பல தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாதவர்கள் அங்கே ஏராளம். வீடும் தேயிலைத் தோட்டமும் இருக்கின்றனவே என்று நம்பி முதலாண்டுக் கட்டணத்தைக் கைமாற்றாக வாங்கிக் கட்டிவிட்டால், பிறகு வங்கி கைவிரிக்கும்போது நடுவழியில் நிற்க நேரிடும்.

விடுதிச் செலவை மறப்பதும் மலைக்கே உரிய பிழை. சமவெளிப் பிள்ளைகளைப் போல இங்கிருந்து கோவைக்கு நாள்தோறும் போய்வர முடியாது. அதனால் எனக்குப் பிடித்த வழி வேறு. ஊட்டியிலோ கூடலூரிலோ உள்ள அரசுக் கல்லூரியில் கடனில்லாமல் ஓர் இளங்கலை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆசை அப்போதும் குறையாமல் இருந்தால், சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ முதுகலைக் குற்றவியல். கடன் வாங்க நேர்ந்தாலும் அது இரண்டாண்டுக் கடன்தான். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்விலும் குற்றவியல் ஒரு பாடமாக இருப்பதால் கல்லூரி ஆசிரியராகும் கதவும் திறக்கும். இந்தப் பட்டத்துக்கே உரிய வருமானம் என்று சொல்லத்தக்கது அதுதான்.

தனியார் கல்லூரிதான் என்று முடிவெடுத்திருந்தால், சென்ற மூன்று ஆண்டுகளில் அங்கே குற்றவியல் முடித்தவர்கள் எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிற துறை மாணவர்களையும் சேர்த்து ஒரே சராசரியாகத் தந்தால் ஏற்காதீர்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை கடன் பத்திரத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டாம். தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அவர்களுக்கும் சேர்ந்தே விழும்.