அரிசிக்குப் பயந்து ஓடாதீர்கள்: நெடுந்தூர ஓட்டத்தில் சாப்பாட்டுத் தவறுகள்

ஒரு ஜனவரி மாத விடியற்காலை, சென்னையில் ஒரு மாரத்தானின் 31-வது கிலோமீட்டர். எங்கள் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சாலையோரக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் பயிற்சி செய்தவர். கால் சுளுக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஏன் அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "இரண்டு சப்பாத்தி, காய்கறிக் கூட்டு. காலையில் சர்க்கரை போடாத காபி. அரிசியையும் சர்க்கரையையும் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது அண்ணா" என்றார்.

இடுப்புப் பையில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் எழுந்தார். மீதித் தூரத்தை நடந்தே முடித்தார்.

நம் ஊரில் முப்பது, நாற்பது வயதில் ஓடத் தொடங்குகிறவர்களில் பலர், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் வந்ததைப் பார்த்துப் பயந்து ஓட வந்தவர்கள். சோற்றைக் குறைத்தார்கள், இனிப்பை நிறுத்தினார்கள், எடை இறங்கியது. நல்லதுதான். ஐந்து கிலோமீட்டர் ஓட அந்தச் சாப்பாடு தாராளமாகப் போதும். அதே தட்டோடு 42 கிலோமீட்டருக்குப் போவதுதான் தவறு. நான் பார்த்த மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு பயத்திலிருந்து கிளைத்தவை.

கணக்கைப் பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மாரத்தானை முடிக்க 2,500 கலோரி வேண்டும். தசைகளில் கிளைகோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்து 400 கிராம் அளவில், கல்லீரலில் 100 கிராம் அளவில். இரண்டும் சேர்ந்து 2,000 கலோரி. கொழுப்பு எவ்வளவோ இருக்கிறது, ஆனால் அது மெதுவாக எரியும் விறகு. வேகமாக ஓடுகிறவருக்கு அது மட்டும் ஈடுகொடுக்காது. கல்லீரலின் இருப்பு தீர்ந்தால் இரத்தச் சர்க்கரை இறங்குகிறது, மூளைக்குத் தீனி குறைகிறது. அந்த இளைஞரின் கண்ணீருக்குக் காரணம் அதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1924-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். துவண்டுபோய் வந்து சேர்ந்தவர்களுக்கு இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு ஓட்டக்காரர்களுக்கு முந்தின நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடும் வழியில் மிட்டாயும் கொடுத்துப் பார்த்தார்கள், நிலைமை மாறியது. இன்று மாரத்தானில் கொடிகட்டிப் பறக்கும் கென்ய வீரர்களின் சாப்பாட்டை ஆராய்ந்தபோது, அவர்களுடைய கலோரியில் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது. மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலிக் களி, சோறு, சர்க்கரை தாராளமாகப் போட்ட பால் தேநீர். நம் பாட்டி வீட்டுத் தட்டுக்கு அது அதிகத் தூரத்தில் இல்லை.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், கீழே சொல்லும் அளவுகளை அப்படியே பின்பற்ற வேண்டாம். மருத்துவரோடு உட்கார்ந்து தங்களுக்கான கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முந்தின இரவு பிரியாணி

பயத்தை விட்டவர்கள் செய்யும் தவறு இது. நாளைக்கு மாரத்தான் என்று இன்று இரவு ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடுவது. கிளைகோஜனை நிரப்ப ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். அந்த நாட்களில் ஒரு கிலோ எடைக்கு 10 கிராம் அளவில் மாவுச்சத்து வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். அதைச் சோற்றிலேயே எடுத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் சோறு சாப்பிட வேண்டும், முடியாது. அதனால் ஞாயிறு பந்தயம் என்றால் வியாழன் இரவிலிருந்தே பிரித்துப் போடுகிறேன்: இட்லி, இடியாப்பத்துக்கு நாட்டுச் சர்க்கரை, தயிர்சாதம், வாழைப்பழம், வெல்லப் பாயசம் ஒரு டம்ளர், நடுவில் பழச்சாறு. எண்ணெயும் நெய்யும் குறைவு. பிரியாணியில் மாவுச்சத்து இருக்கிறது, ஆனால் அதன் கொழுப்பும் மசாலாவும் மறுநாள் காலை வரை வயிற்றை விட்டு நகராது.

இந்த இரண்டு நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். கிளைகோஜன் தன்னோடு மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வரும் எடை அது. தராசைப் பார்த்துப் பதறிச் சனிக்கிழமை பட்டினி கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல், கம்பு, வரகு எல்லாம் ஆண்டு முழுக்க நல்ல சாப்பாடு. பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். அவற்றின் நார்ச்சத்து காலையில் உங்களைக் கழிப்பறையைத் தேடி ஓட வைக்கும்.

அதிகாலை நான்கு மணிப் பந்தயம்

வெயிலுக்குப் பயந்து நம் ஊரில் முழு மாரத்தான் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. நான்கு மணிக்கு ஓட்டம் என்றால் எப்போது சாப்பிடுவது? "அந்த நேரத்தில் யாராவது சாப்பிடுவார்களா" என்று வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்தான் அதிகம். தூங்கும்போது தசையின் இருப்பு அப்படியே இருக்கும். கல்லீரலின் இருப்பு மட்டும் இரவு முழுக்க மூளைக்குச் செலவாகிக் காலையில் பாதிக்குமேல் குறைந்திருக்கும். அதை நிரப்பாமல் கிளம்பக் கூடாது.

என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அம்மா இரவு ஒன்பது மணிக்கு நான்கு இட்லி ஊற்றி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிடுவார். ஒன்றே முக்கால் மணிக்கு எழுந்து அதை ஆறிய படியே சாப்பிடுகிறேன். சாம்பார் இல்லை, மிளகாய்ப் பொடி எண்ணெய் இல்லை. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை மட்டும். பிறகு ஒரு வாழைப்பழம். எல்லாம் சேர்ந்து 70, 80 கிராம் மாவுச்சத்து. அப்புறம் பால் விடாத டிகாக்‌ஷன் அரை டம்ளர். காபி ஓட்டத்துக்கும் உதவுகிறது, கிளம்பும் முன் வயிறு காலியாகவும் உதவுகிறது. அந்த இட்லி தொண்டையில் இறங்கப் பத்து ஞாயிற்றுக்கிழமை பழக வேண்டியிருந்தது. முதல் தடவை இரண்டு இட்லிக்கே குமட்டியது.

நெய்ப் பொங்கலை ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள்.

களைத்த பிறகு சாப்பிடுவது

ஓட்டத்தின் நடுவில் பசியை நம்பக் கூடாது. பசி தெரியும்போது நேரம் கடந்திருக்கும். முதல் அரை மணி, முக்கால் மணிக்குள் சாப்பிடத் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். இரண்டரை மணிக்கு மேல் ஓடுகிறவர்கள், வயிறு பழகியிருந்தால், 90 வரைகூடப் போகலாம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. குடலில் குளுக்கோஸுக்கு ஒரு வாசல், பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். குளுக்கோஸ் வாசலில் மணிக்கு 60 கிராமுக்கு மேல் நுழைவது கடினம். இரண்டு வாசலையும் திறந்தால் அதிகம் போகும். நம் சமையலறைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். ஆகவே விலை கூடிய ஜெல் (ஓடும்போது விழுங்கும் இனிப்புக் கூழ்ப் பொட்டலம்) வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சம்பழம். ஒரு மணி நேரத்தின் குறைந்த அளவு அதிலேயே இருக்கிறது.

என் முதல் மாரத்தானுக்குக் கடலை மிட்டாய் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளூர்ச் சரக்கு, வெல்லம், புரதம், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். 25-வது கிலோமீட்டரில் கடித்தேன். உலர்ந்த வாயில் வெல்லம் பல்லில் அப்பிக்கொண்டது. மென்றால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் கடலைத் துணுக்கு தொண்டைக்குள் போனது. இருமி இருமி நின்றேன். மென்று விழுங்க முடிந்தாலும், கடலையின் கொழுப்பு செரிக்க ஓட்டம் காத்திருக்காது. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், நன்கு கனிந்த வாழைப்பழம் இவையெல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

ஜெல் எடுப்பவர்கள் அதை வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இனிப்புப் பானத்தோடு சேர்த்தால் வயிற்றுக்குள் கரைசல் கெட்டியாகி, உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் அதன் பலன்.

இதையெல்லாம் பந்தய நாளில் முதல் தடவையாகச் செய்து பார்ப்பது மிகப் பரவலான தவறு. முந்தின நாள் பையில் இலவசமாகக் கிடைத்த ஜெல்லை மறுநாள் காலை வாயில் போட்டு, வழியிலேயே வாந்தி எடுத்தவர்கள் உண்டு. ஓடும்போது இரத்தம் தசைகளுக்குப் போய்விடுகிறது, குடலுக்குக் குறைகிறது. அந்த நிலையிலும் சர்க்கரையை உறிஞ்சக் குடல் சில வாரங்களில் பழகிவிடும். ஞாயிறு நெடுந்தூரப் பயிற்சியில், பந்தயத்தில் என்ன சாப்பிடுவீர்களோ அதையே, அதே இடைவெளியில் சாப்பிடுங்கள்.

தண்ணீர்ப் பந்தல்

தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் (உப்பில் உள்ள சத்து) இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். அதாவது மெதுவாக ஓடி, ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடித்தவர்கள். மோதிரம் இறுகுவது, கைக்கடிகாரப் பட்டை பதிவது, தலைவலி, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் இவையெல்லாம் அறிகுறிகள். அப்படிப்பட்டவருக்கு வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது உயிருக்கே கேடு. உடனே மருத்துவ உதவி வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதை வீட்டிலேயே அறியலாம். ஒரு மணி நேரம் ஓடும் முன்பும் பின்பும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, வழியில் 300 மில்லி குடித்திருந்தால் உங்கள் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்த எண் மிரட்டும். முழுவதையும் ஈடுகட்ட முயலாதீர்கள். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் வெகுவாக இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சாப்பாடு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 13.5 கிராம்தான், ஒரு நடுத்தர வாழைப்பழத்தை விடக் குறைவு. உப்புக்கு அது சரி, ஓட்டத்துக்கான எரிபொருள் அதில் இல்லை. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பதும் கூடாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பும் வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதும் நடக்கிறது. நீர் வற்றிய உடலில் ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வேண்டவே வேண்டாம்.

மற்ற நாட்களில்

பந்தய நாளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வாரத்தின் மற்ற நாட்களில்தான் உடம்பு கட்டப்படுகிறது. ஓடுகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தினமும் தேவை. காலை இட்லி, மதியம் சாம்பார்சாதம், இரவு தோசை என்று போனால் பாதிகூடத் தேறாது. முட்டை, மீன், தயிர், பன்னீர், சுண்டல், மீல்மேக்கர் என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி, தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி இருக்கிறார். எடை குறைக்க ஓட வந்தவர், ஓட்டம் கூடக் கூடச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனார். எல்லோரும் பாராட்டினோம், நானும்தான். மாதவிடாய் நின்று ஐந்து மாதம் ஆகியிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓடினால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார். கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரிசல் விழுந்த பிறகுதான் தெரிந்தது. செலவுக்கு ஏற்ற வரவு இல்லாதபோது உடல் முதலில் நிறுத்துவது அந்தச் சுழற்சியைத்தான். அடுத்து எலும்பு மெலிகிறது. ஆண்களுக்கும் ஹார்மோன் இறங்கும், வெளியில் தெரியும் அடையாளம் மட்டும் குறைவு. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அடுத்த ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

அவர் எட்டு மாதம் ஓடவில்லை. மதியம் மறுபடி சோறு சாப்பிடத் தொடங்கினார், இரவில் பாலும் முட்டையும் சேர்த்தார். நான்கு கிலோ கூடியது, சுழற்சி திரும்பியது. போன மாதம் எங்களோடு 12 கிலோமீட்டர் ஓடினார். முடித்ததும் வண்டிப் பெட்டியிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்து, நடைபாதையில் உட்கார்ந்து, மாவடுவோடு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.