ஈயக்குண்டு அச்சில் பிசிறு: சரிசெய்த விதம்

காரைக்குடியில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் அலுமினிய அச்சு இது. குண்டின் நடுவில் சுற்றிலும் பிசிறு. அச்சு தேய்ந்ததென்று உடனே அரத்தை எடுக்காதீர்கள். தேய்த்த அலுமினியம் திரும்பாது. இரு பாதிகளையும் மூடி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் கீற்று தெரிந்தது. காரணம், இரு பாதிகளும் சேரும் முகத்தில் ஒட்டிய ஈயத்துணுக்கு. அச்சைச் சூடாக்கி மூங்கில் குச்சியால் தள்ளியதும் உரிந்தது. இரும்பு கூடவே கூடாது.

ஊற்றும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறும் காற்றுக் கோடுகளில் கரி அடைப்பு. அச்சு ஆறியபின் மண்ணெண்ணெய் தொட்டுப் பல் பிரஷால் தேய்த்து, துடைத்து, முழுக்கக் காயவிட்டேன். ஈரமிருந்தால் உருகிய ஈயம் தெறிக்கும்.

இரு பாதிகளையும் நேராகப் பொருத்தும் இணைப்பு முளைக்கு எண்ணெய் தடவித் துடைத்தாலே போதும். குழிக்குள் கசிந்தால் குண்டில் சுருக்கம் விழும். அச்சு சூடேறாவிட்டாலும் அதே சுருக்கம்தான். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குழி நிரம்புமுன் உறைகிறது.