பிள்ளை வளர்ப்புக்கு ஒரு கணக்கு நோட்டு

கணக்கு எழுதுவது என் தொழில். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளை நான் எப்படி வளர்க்கிறேன் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தோன்றிய வழியும் ஒரு நோட்டுதான். ஒரு வாரம், மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை, 11 வயது மகளிடமும் 6 வயது மகனிடமும் நான் பேசியதையெல்லாம் கணக்கில் ஏற்றினேன்.

நீங்களும் இதிலிருந்தே தொடங்குங்கள். இடப்பக்கம் பிள்ளையிடம் கேட்பவை: செய், செய்யாதே, எடு, வை, சீக்கிரம். வலப்பக்கம் பிள்ளைக்குக் கொடுப்பவை: காரணம் சொன்னது, காது கொடுத்துக் கேட்டது, பாராட்டியது, சும்மா சிரித்துப் பேசியது. முழு வாக்கியம் எழுத நேரம் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டால் போதும். இடப்பக்கத்தில் இன்னொரு சிறிய கட்டமும் வேண்டும்: சொன்னது நடந்ததா? அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் நோட்டு உங்களுக்கு முகஸ்துதி பாடும்.

என் புதன்கிழமைப் பக்கம் இது: இடம் 31, வலம் 4. அந்த 31-ல் நடந்தது 12. என்னை நான் கண்டிப்பான தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் தெரிந்தவள் வேறு ஒருத்தி: குரலில் அதிகாரி, முடிவில் கிள்ளுக்கீரை.

இந்த இரண்டு பக்கங்கள் என் கண்டுபிடிப்பு அல்ல. 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கவனித்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். 1983-ல் எலினார் மெக்கோபியும் ஜான் மார்ட்டினும் அதை இரண்டு அளவுகோல்களில் அடக்கி நான்காக்கினார்கள்: பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், பிள்ளைக்கு எவ்வளவு செவிசாய்க்கிறோம். இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தால் கண்டிப்பும் கனிவும் சேர்ந்த வளர்ப்பு. இடம் மட்டும் நிரம்பினால் அதிகார வளர்ப்பு. வலம் மட்டும் என்றால் செல்ல வளர்ப்பு. இரண்டும் காலி என்றால் பிள்ளை தானாக வளர்கிறது என்று பொருள். (ஆங்கிலத்தில் முதல் இரண்டு முறைகளுக்கும் வால் மட்டும் மாறிய இரண்டு சொற்களை வைத்துவிட்டார்கள்; படிக்கிறவர்கள் இன்றும் குழம்புகிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.)

அதிகாரத்தில் வளரும் பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்கள். ஆனால் தானாக முடிவெடுக்கத் தயங்குவதும் பதற்றமும் அவர்களிடம் கூடுதல். செல்லத்தில் வளர்பவர்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கும், ஆசையை அடக்கத் தெரியாது. கவனிப்பே இல்லாத வளர்ப்பில்தான் பாதிப்பு மிக அதிகம். கண்டிப்பும் கனிவும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பிலும் பழக்கத்திலும் மனநலத்திலும் பொதுவாக முன்னே நிற்கிறார்கள். ‘பொதுவாக’ என்பதை அழுத்திப் படியுங்கள். கோபக்காரத் தாய் பிள்ளையை முரண்டு பிடிக்க வைக்கிறாளா, முரண்டு பிடிக்கும் பிள்ளை தாயைக் கோபக்காரியாக்குகிறதா? இரண்டும்தான். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய நீண்டகால ஆய்வு, குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே வெவ்வேறு சுபாவம் காட்டுவதைப் பதிவு செய்தது. என் மகள் புதிய இடம் என்றால் என் பின்னால் ஒளிவாள். மகன் கதவைத் தட்டாமலே உள்ளே போய்விடுவான். ‘போதும், நிறுத்து’ என்று ஒரே குரலில் சொன்னால் அவள் அழுவாள், இவனுக்குக் காதில் விழவே விழாது.

முதல் வேலை, இடப்பக்கத்தைக் குறைப்பது. நிறைவேற்றி வைக்க உங்களுக்குத் தெம்பு இருக்கும் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். என்னிடம் மிஞ்சியவை நான்கு: யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, வெளியே போனால் எங்கே என்று சொல்ல வேண்டும், வீட்டுப்பாடம் முடித்த பிறகே டேப்லெட் திரை, இரவு 8 மணிக்குத் திரை அணைய வேண்டும். சாக்ஸ் இன்னமும் சோபாவுக்கு அடியில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்காத மாதிரி நடக்கப் பழகிவிட்டேன்.

விதியைச் சொல்லும்போது காரணம் ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும், விதிக்குள் ஒரு சிறிய தேர்வும் இருக்கட்டும். ‘எட்டு மணியாகிவிட்டது. இதற்கு மேல் பார்த்தால் தூக்கம் கெடும். நீ அணைக்கிறாயா, நான் அணைக்கட்டுமா?’ முதல் நாள் மகன் தரையில் புரண்டு 22 நிமிடம் அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்னும் பார்க்க ஆசையாக இருக்கிறது, இல்லையா?’ என்று ஒரு முறை கேட்டேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை, டேப்லெட்டையும் திருப்பித் தரவில்லை. இரண்டாம் நாள் 25 நிமிடம். அடம் குறைவதற்கு முன் சில சமயம் கொஞ்சம் கூடும். இது தெரியாமல்தான் பலர் இரண்டாம் நாளே கையை விரித்துவிடுகிறார்கள். அன்று நான் இளகியிருந்தால், 25 நிமிடம் அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தை அவன் கற்றிருப்பான். ஐந்தாம் நாள் 4 நிமிடம்.

என் கணவரின் நோட்டு நேரெதிர்: வலப்பக்கம் வழிந்தது, இடப்பக்கம் 2. அவர் இளகுவதால் நான் இறுகினேன், நான் இறுகுவதால் அவர் இளகினார். பிறகு ஒன்றை ஒப்புக்கொண்டோம்: அந்த நான்கு விதிகளில் மட்டும் இருவரும் ஒரே பேச்சு, மற்றதில் அவரவர் போக்கு.

இனி, நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த வாக்கியங்கள். ‘உன்னால்தான் எனக்குத் தலைவலி.’ ‘இப்படிச் செய்கிற பிள்ளையோடு எனக்குப் பேச்சில்லை.’ நடத்தையைக் கட்டுப்படுத்துவது வேறு, மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு என்று 1990-களில் பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் பிரித்துக் காட்டினார். எட்டு மணி விதி முதல் வகை. குற்ற உணர்வைத் தூண்டுவதும், அன்பை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டுவதும் இரண்டாவது வகை. பிள்ளைகளின் மனச்சோர்வோடு தொடர்புடையது இதுதான். அடியோ அதட்டலோ இல்லாத வீட்டிலும் இது தாராளமாக நடக்கும். ஒரு கோப்பையை உடைத்ததற்காக என் மகள் மூன்று நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளிடம் கத்தவே இல்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

கத்திவிட்டால், ‘கத்தியது என் தவறு’ என்று சொல்லுங்கள். பின்னால் ‘ஆனால் நீ’ என்று சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது இடப்பக்கத்துக்குப் போய்விடும்.

பதின்வயதை நெருங்கும் பிள்ளையிடம் விசாரணையைக் குறையுங்கள். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஹாக்கன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்குத் தெரிந்த விவரங்களில் பெரும்பகுதி துப்பறிந்து பெற்றதல்ல, பிள்ளைகள் தாமாகவே சொன்னது என்று தெரிந்தது. ஆகவே, பிள்ளை வாய் திறக்கும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். என் மகளுக்கு அது பாத்திரம் துடைக்கும் நேரம்: கைக்கு வேலை இருக்கும், முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சொன்னதற்கு அந்த இடத்திலேயே தீர்ப்பு வழங்காதீர்கள். தேர்வில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதை அவள் அப்படித்தான் சொன்னாள். கையிலிருந்த தட்டை மூன்று முறை துடைத்தேன். ‘சொன்னது நல்லது, நாளைக்குப் பேசலாம்’ என்றேன். மறுநாள் பேசினோம். ஆசிரியரிடம் அவளே சொல்வது என்று முடிவானது. வகுப்பு வாசல் வரை நான் கூடப் போனேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். என் இரண்டாவது நோட்டில் புதன்கிழமை: இடம் 14, நடந்தது 11, வலம் 13. வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். அன்றைய பக்கத்தைக் காட்டுவதாக இல்லை.