பக்கத்து வீட்டில் கேஸ் வெடித்தால் நம் வீட்டை எப்படிச் சோதிப்பது

குன்னூர், கோத்தகிரி பக்கம் குளிருக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவின் அடியில் பழைய துணியைத் திணித்துவிட்டுத்தான் படுப்போம். ராத்திரி கேஸ் கசிந்தால் அதற்கு வெளியே போக வழியே கிடையாது. காலையில் யாராவது லைட் சுவிட்சைத் தட்டினால் போதும். பெரும்பாலும் வெடிப்பது சிலிண்டர் இல்லை, அது முழுசாகவே ஒரு மூலையில் கிடக்கும். வெடிப்பது அறையில் நிரம்பி நின்ற கேஸ். அந்த அழுத்தம் நாலு சுவரையும் கூரையையும் ஒரே சமயத்தில் வெளியே தள்ளும். எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளிலும், படகர் ஊர்களான ஹட்டிகளின் வீடுகளிலும் சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது, அதனால் அடி பாதி நம் வீட்டுக்குள்தான் வந்து விழும்.

சத்தம் கேட்டதும் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், மேட்டுப் பக்கமாக. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. சரிவில் அது கீழேதான் இறங்கும், சாக்கடை வழியாக, படிக்கட்டு வழியாக, அடுத்த தட்டில் இருக்கிற வீட்டின் பின்கட்டு வரைக்கும் போய்த் தேங்கும். வெடித்த வீட்டில் இன்னொரு சிலிண்டர் உடைந்த டியூபோடு கசிந்துகொண்டிருக்கலாம். வாசனை இருக்கும் வரை எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று 101 அல்லது 112, கேஸ் கசிவுக்கு 1906, கம்பத்திலேயே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 ஆகிய எண்களுக்குப் பேசுங்கள். தீயணைப்புக்காரர்கள் போகலாம் என்று சொன்ன பிறகுதான் உள்ளே போக வேண்டும். நகை, பத்திரம் எடுக்கிறேன் என்று நடுவில் ஓடுகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பகல் வெளிச்சத்தில், வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். எதிர் மேட்டில் நின்று கூரையின் முகட்டைப் பாருங்கள், நேராக இருக்கிறதா, எங்காவது தொய்ந்திருக்கிறதா. சுவருக்கு மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், கொத்தனாரிடம் கேட்டால் தருவார். நடுவில் புடைத்த சுவர் தூக்கில் உடனே தெரிந்துவிடும். சுவர் புடைத்திருந்தாலோ, மூலையில் இரண்டு சுவர்கள் பிரிந்து இடைவெளி தெரிந்தாலோ உள்ளே போகாதீர்கள், பொறியாளர் வரட்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்திருந்தால் காய்ந்தபடியே பெருக்கக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, இன்னும் உடைக்காமல் எடுத்துச் சாக்கில் கட்டுங்கள். உடையாத ஷீட்டிலும் கொக்கி போல்ட் துளையைச் சுற்றிக் கீறல் இருக்கும். மலைக் காற்றுக்கு அது போதும், அடுத்த புயலில் பறந்துவிடும்.

உள்ளே விரிசல்தான் முக்கியம், ஆனால் எல்லா விரிசலும் ஒன்றில்லை. பூச்சில் முடி அளவு கீறல் பழசாகக்கூட இருக்கலாம். பழைய விரிசலின் உள்ளே அழுக்கும் ஒட்டடையும் இருக்கும், புதுசு வெளுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற விரிசலைக் கவனியுங்கள், செங்கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக இறங்குவதையும். அதே இடத்தைச் சுவரின் மறுபக்கமும் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் விரிசல் பூச்சில் மட்டும் இல்லை, சுவரையே கடந்திருக்கிறது. அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நீங்களாக முடிவு எடுக்காதீர்கள்.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு: கான்கிரீட் தளமும் சுவரும் சந்திக்கிற கோடு. வெடிப்பு தளத்தை ஒரு கணம் தூக்கி, திரும்ப உட்கார வைத்திருக்கும். கீழே நின்று பார்த்தால் நூல் பிடித்தது போல ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு விசிட்டிங் கார்டை அந்தக் கோட்டில் நுழைத்துப் பாருங்கள். கார்டு சுலபமாக உள்ளே போனால் தளம் சுவரோடு ஒட்டி நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

பழைய வீடுகள் பல மண்சாந்தில் கட்டி, பின்னால் சிமெண்ட் பூசியவை. வெளியே பூச்சு நன்றாகவே இருக்கும், உள்ளே சாந்து உதிர்ந்துபோயிருக்கும். விரல் முட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள், கூடாகச் சத்தம் கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள்.

அப்புறம், வீட்டைவிட வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புச்சுவரைத்தான் நான் அதிகம் பயத்தோடு பார்ப்பேன். சுவரில் தண்ணீர் வடிகிற துளைகள் மண்ணோ கல்லோ விழுந்து அடைத்திருக்கிறதா? மேலே தேயிலைக்குள் ஏறிப் போனால் மண்ணில் பிறை மாதிரி வளைந்த விரிசல் தெரிகிறதா? அதிர்ச்சியில் குடிநீர்ப் பைப்போ செப்டிக் டேங்கோ உடைந்து, மண்ணுக்குள் சத்தமில்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறதா? குழாயை எல்லாம் மூடிவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் பைப் விஷயம் தெரிந்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள், அதற்கு மழை மட்டுமே போதுமானதாக இருந்தது. பிறை விரிசல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, தண்ணீரை வேறு பக்கம் திருப்பி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குச் சொல்லுங்கள். மழை முடியும் வரை கீழே தங்காதீர்கள்.

முட்டுக் கொடுக்கக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கம்பின் காலை ஈர மண்ணில் நட்டால் அது இறங்கிவிடும், அடியில் பலகை வையுங்கள்.

இதெல்லாம் முடியும் வரை தயவுசெய்து பூசாதீர்கள். சொந்தக்காரர் யாராவது இரண்டு மூட்டை சிமெண்டோடு வந்து நிற்பார், நாளைக்கு வரச் சொல்லுங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட்டால், சுவர் நகர்ந்ததும் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

பணத்துக்கு வருவோம். எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கிற காப்பீட்டில் சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரைதான், அதுவும் இணைப்பு பதிவான முகவரிக்கு. அதை நம்பி பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்க முடியாது, ஆனாலும் ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் வங்கியில் கேளுங்கள், உங்களுக்கே தெரியாமல் ஒரு பாலிசி ஓடிக்கொண்டிருக்கலாம். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்கிற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் வெடிப்பும் சேர்த்தி, நிலச்சரிவும் சேர்த்தி. காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும் முன் ரிப்பேர் செய்தால் சிக்கல், தார்ப்பாயும் முட்டும் மட்டும் போடலாம். எஃப்ஐஆர் நகல், தீயணைப்பு அறிக்கை, விஏஓ பார்த்து எழுதியது மூன்றும் கையில் இருக்கட்டும். கூடலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்தில் (ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், உரிமை தீர்வாகாத நிலம்) இருக்கிறவர்களிடம் பட்டா இருக்காது, அவர்கள் வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும்.

இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், ஜேசிபிக்குச் சொல்வதற்கு முன் நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். மலைப்பகுதியில் கட்டட அனுமதி விதிகள் கடுமை. இடித்துப் போட்ட பிறகு, அங்கே ஒரு வீடு இருந்தது என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.