காஞ்சிபுரம் பட்டு: உடுத்துவதும் மடித்து வைப்பதும்

பட்டுச் சேலை உடுத்தும்போது கெடுவதைவிட பீரோவுக்குள் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து கெடுவதே அதிகம். என் அம்மாவின் கூறைப்புடவையை நாற்பது ஆண்டுகள் கழித்து விரித்தபோது, அரக்கு நிறம் சற்றும் மங்கவில்லை. மடிப்பு விழுந்த இடங்களில் மட்டும் கோடு கிழித்தாற்போல் இற்றுப்போயிருந்தது.

காரணம் நெசவிலேயே இருக்கிறது. அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அந்தக் கம்பி ஒரே இடத்தில் வளைந்தே கிடந்தால் ஒடியும், ஒடிந்த முனை பட்டை அறுக்கும். கோர்வைச் சேலையில் உடலையும் இரு கரைகளையும் மூன்று நாடாக்களால் (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி) தனித்தனியே ஓட்டி, ஊடைக்கு ஊடை, அதாவது ஒவ்வொரு குறுக்கு நூலாகக் கோத்து நெய்கிறார்கள். ஆகவே கனமான சேலையை ஹேங்கரில் தொங்கவிட்டால் கரையின் எடை முழுவதும் அந்த இணைப்பை இழுக்கும். பட்டை அடுக்கித்தான் வைக்க வேண்டும்.

புதுச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன் அந்தப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திக் கொடுங்கள்; இல்லாவிட்டால் அது பின்னர் சுருங்கிக் கரையையும் சுருக்கிவிடும். அணியப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே உயரத்தை அளந்து கட்டுங்கள். கனத்த பட்டுக்கு ஐந்தாறு கொசுவம் போதும். முந்தானையைத் தோளில் அடுக்கிக் குத்துவது வேலைக்கு வசதிதான், ஆனால் நெசவாளர் பல நாள் உழைத்த முந்தானை ஒற்றையாக விரிந்து விழும்போதுதான் முழுதாகத் தெரியும் என்பதால், எனக்கு அதுவே பிடிக்கும். ஊக்கின் சுருண்ட முனையில் சிறு மணி ஒன்றைக் கோத்துக்கொண்டால் இழை அதில் சிக்காது. வாசனைத் திரவியத்தைச் சேலை உடுத்தும் முன்பே பூசி உலரவிடுங்கள். ஜரிகையில் பட்டால் கறுக்கும்.

விழா முடிந்து வந்ததும் உடனே மடிக்காமல், வியர்வை ஈரம் போகும்வரை நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள், வெயில் வேண்டாம். எண்ணெய்க் கறை பட்டால் தேய்க்காமல், உலர்ந்த துணியால் ஒற்றி, முகப் பவுடரைத் தூவிச் சில மணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். மிஞ்சும் கறையை டிரை வாஷ் செய்பவரிடம் இன்ன கறை என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது. இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்காமல், உட்புறத்தில், மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து, மிதமான சூட்டில் போட வேண்டும்.

பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டிதான் பட்டுக்கு ஏற்ற உறை. நாப்தலின் உருண்டையைச் சேலைமேல் வைக்கவே கூடாது. பூச்சிக்கு அஞ்சினால் வசம்பைச் சிறு துணியில் முடிந்து, சேலையில் படாமல் அலமாரியின் மூலையில் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலையை முழுதாக விரித்து, சற்று நேரம் காற்றாட விட்டு, பழைய மடிப்பு எதுவும் மீண்டும் விழாதபடி, முன்பு நான்காக மடித்ததை இம்முறை மூன்றாக, ஜரிகை உட்புறம் வரும்படி மடியுங்கள். மாற்றி மடித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி வேட்டிக்கு வெளியே செருகிவிட்டால், அடுத்த தவணையை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.