நியூ ஆர்லியன்ஸ் போகும் ஜோடிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மூன்று நாள் போய்வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "பாதி நேரம் பார்க்கிங் தேடறதுலயே போயிடுச்சு அக்கா" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் என் கணவரும் அதே ஊரில் அதே தவறைத்தான் செய்தோம். அதற்குப் பிறகு ஆறேழு தடவை போயாகிவிட்டது. தெரிந்தவர்கள் யார் கிளம்பினாலும் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். அப்படியும் இந்தத் தவறு நின்றபாடில்லை.

நடக்கத் தோதான செருப்பு, வெயில் காலத்துப் புழுக்கம், அறையை முன்பதிவு செய்வது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரோடு பிரெஞ்சு குவார்ட்டருக்குள் நுழைவது

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 சாலையில் சுமார் 350 மைல். நடுவில் அட்சாஃபலாயா சதுப்பின் மேல் 18 மைல் நீளப் பாலம். ஆறு மணி நேரம் ஓட்டிய வேகத்தில் ஊருக்குள் இறங்கும்போது, கார்தான் நம் கால் என்கிற நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நினைப்பை ஓட்டல் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். மிசிசிப்பியின் வளைவில் 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை நிறுவினார்கள். ஊரின் பழைய பகுதியான இந்தக் குவார்ட்டரின் தெருக்கட்டம் அந்தக் காலத்துக் கோடுகளிலேயே இன்னும் இருக்கிறது. குதிரை வண்டிக்குப் போட்ட அகலம். ராயல் தெருவில் பகலில் சில மணி நேரம் கார் விடமாட்டார்கள், போர்பன் தெருவில் இரவில். மிச்சமெல்லாம் ஒருவழிப் பாதை. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் நான்கு தெரு சுற்ற வேண்டும்.

நாங்கள் போனது நவம்பரில், கல்யாண நாளுக்காக. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு பிரிசர்வேஷன் ஹாலில் ஜாஸ் கேட்க டிக்கெட் எடுத்திருந்தோம். ஓட்டலில் காரை விட்டுவிட்டு நடந்திருக்கலாம், இருபது நிமிடம்தான். எடுத்துக்கொண்டு போனோம். முக்கால் மணி நேரம் சுற்றியபின் எஸ்பிளனேட் அவென்யூவுக்கு அந்தப்பக்கம் ஒரு தெருமுனையில் சரியாக ஒரு கார் அளவு இடம் காலியாக இருந்தது. பலகை இல்லை. நடைபாதை ஓரத்தில் மஞ்சளோ சிவப்போ பூசியிருக்கவில்லை. "நம்ம அதிர்ஷ்டம்" என்று நிறுத்திவிட்டு ஓடினோம்.

பதினோரு மணிக்குத் திரும்பினால் இடம் மட்டும் இருந்தது. திருடு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். என் கை நடுங்கியது. எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அங்கிருந்தே சொன்னார்: "இழுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. மூலைக்கு ரொம்பக் கிட்ட நிறுத்திட்டீங்க." அந்த ஊர் விதிப்படி தெருமுனை, குறுக்குப்பாதை எதிலிருந்தும் 20 அடி தள்ளித்தான் நிறுத்த வேண்டும். தீயணைப்புக் குழாய் என்றால் 15 அடி. பலகை இல்லாவிட்டாலும் விதி விதிதான். ஒரு சாதாரண காரின் நீளமே சுமார் 15 அடி. ஆகவே முனையில் ஒரு கார் அளவு இடம் காலியாகக் கிடந்தால், உள்ளூர்க்காரர்கள் அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அபராதம், இழுத்த கூலி எல்லாம் சேர்த்து 200 டாலருக்கு மேல். அந்தப் பணத்தை எப்போதோ மறந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. இலையுதிர்காலத்திலிருந்து வசந்தம் வரை ஞாயிறு மதியங்களில் அங்கே செகண்ட் லைன் ஊர்வலம் நடக்கும். பித்தளை வாத்தியக் குழு முன்னால் போகும், பின்னால் தெருவே ஆடிக்கொண்டு போகும். பின்னால் போகிற அந்தக் கூட்டத்துக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். அதற்காகவே தேதி பார்த்துக் கிளம்பி வந்தோம். அந்த மதியம் ஒரு கம்பிவேலிக்குப் பக்கத்தில், கையில் ரசீதோடு, வரிசையில் நின்றோம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன வாரம் வந்த ஜோடி அபராதத்திலிருந்து தப்பிவிட்டது. ஆனால் பின் சீட்டில் வைத்த முதுகுப்பைக்காகத் திருடர்கள் கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். பையில் இருந்தது துணி மட்டும்தான். அந்த ஊரில் வெளியே தெரிகிறாற்போல் ஒரு துண்டைக்கூடக் காருக்குள் விடக்கூடாது. மழையும் இருக்கிறது. ஊரில் ஏறக்குறையப் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே. விழுகிற மழையைப் பம்பு வைத்துத்தான் வெளியேற்றுகிறார்கள். கனமழை கொட்டினால் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் தண்ணீர். ஆற்றோரம் மேடு, ஏரிப்பக்கம் பள்ளம் என்பது புதிதாகப் போகிறவர்களுக்குத் தெரியாது. 2005-இல் கத்ரீனா புயலின்போது கரைகள் உடைந்து ஊரின் 80 சதவீதம் முழுகியபோது, ஆற்றை ஒட்டிய குவார்ட்டர் பெரும்பாலும் தப்பியது இதனால்தான்.

சரி, என்ன செய்வது? காரை ஓட்டலிலேயே போட்டுவிடுங்கள். ஒரு இரவுக்கு 40 டாலருக்கு மேல் கேட்பார்கள், கொடுங்கள். இல்லையென்றால் செயின்ட் சார்லஸ் அவென்யூவில், ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் வண்டித் தடத்தை ஒட்டி அறை எடுங்கள். 1835-இல் தொடங்கிய தடம் அது. இன்று ஓடுகிற பச்சை வண்டிகள் 1920களில் செய்தவை. ஏசி கிடையாது, ஜன்னலைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். மர இருக்கையின் முதுகுப்பலகை முன்னும் பின்னும் சாயும். குவார்ட்டருக்கு எதிர்முனையில் தடம் முடிகிற இடத்தில் வண்டி திரும்பாது. ஓட்டுநர் எழுந்து, ஒவ்வொரு பலகையையும் படார் படாரென்று மறுபக்கம் தள்ளிக்கொண்டே அடுத்த முனைக்கு நடந்துபோவார். பின்பக்கமே முன்பக்கமாகிவிடும். ஓக் மரக் கிளைகளில் மார்டி கிரா திருவிழாவில் வீசிய மணிமாலைகள் தொங்கிக்கொண்டிருக்கும். என் கணவரோடு இரவு பத்து மணிக்கு அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து போன பயணங்கள்தான் எனக்கு நியூ ஆர்லியன்ஸ். சரியான சில்லறை வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தரமாட்டார்.

போர்பன் தெருவே ஊர் என்று நினைப்பது

அங்கே மதுக்கடைகளும் கூட்டமும்தான். ஒரு தடவை நடந்துவிட்டு வந்துவிடுங்கள். பாட்டு கேட்க ஃப்ரெஞ்ச்மென் தெரு.

வாளியைப் பார்க்காததுபோல் இருப்பது

ஃப்ரெஞ்ச்மென் தெருவில் பல இசை விடுதிகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு பாட்டு முடிந்ததும் குழுவில் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். அன்றைய அவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு அதில்தான் விழுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நாற்பது நிமிடம் முன்வரிசையில் நின்று வீடியோ எடுத்துவிட்டு, வாளி வருகிற நேரம் போனைப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை, அவர்களுக்கும் சேர்த்து நான் போட்டேன். ஐந்து டாலர் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொண்டு போங்கள்.

"மாமிசம் இல்லை" என்ற பதிலை நம்புவது

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. திங்கட்கிழமைகளில் ஊர் முழுக்க ரெட் பீன்ஸும் சோறும். நம் ராஜ்மா போலவே இருக்கும். ஆனால் முந்தின நாள் ஞாயிறு சமைத்த பன்றியின் எலும்பைப் போட்டு, திங்கட்கிழமை துணி துவைக்கிற நேரத்தில் அடுப்பில் கொதிக்க விடுவது அந்த ஊர் வழக்கம். கீரையும் பன்றிக் கொழுப்பில் வேகும். கம்போ என்கிற அந்த ஊர்க் குழம்பில் வெண்டைக்காய் மிதக்கும். கம்போ என்ற பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அடியில் இருப்பது கோழியோ இறாலோ வேகவைத்த சாறு. "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

காபிக்குக் கவலையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த பழக்கத்தில் அங்கே இன்றும் சிக்கரி கலக்கிறார்கள். பாலூற்றிய கஃபே ஓ லேயை முதல் வாய் குடித்ததும் என் கணவர் "கும்பகோணத்துக்கே போயிட்டேன்" என்றார். கூட வரும் பென்யே என்கிற பொரித்த பலகாரத்தின் மேல் சர்க்கரைத்தூள் குவிந்திருக்கும். அதைக் கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள்.

ஷூ பந்தயத்துக்கு நிற்பது

"அந்த ஷூ எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன், பந்தயமா?" என்று கேட்பவரைத் தாண்டி நடங்கள். "உன் காலில்தான்" என்று சொல்லிக் காசு கேட்கிற வித்தை அது.

கல்லறைக்கு நேராகப் போய் நிற்பது

செயின்ட் லூயிஸ் ஒன்றாம் எண் கல்லறைத் தோட்டத்துக்குள் 2015 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் விடுகிறார்கள். சமாதிகளில் கிறுக்கிப் பாழாக்கியதால் வந்த கட்டுப்பாடு. ரயில் பெட்டியில் நிறப் பிரிவினையை எதிர்த்து வழக்காடிய ஹோமர் பிளெஸ்ஸி உறங்குவது அங்கேதான். முன்பே பதிவு செய்துவிட்டு, காலை முதல் சுற்றில் போங்கள். பத்து மணிக்குமேல் அந்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே நிழல் கிடையாது.